பத்து ஐம்பதுக்குப் போட்ட கையெழுத்து

நான் பொய் சொன்னேன். பத்து ஐம்பதுக்குப் போட்ட கையெழுத்தைப் பத்து இருபதுக்கே போட்டுவிட்டதாகச் சொன்னேன். இதில் என்ன பெரிய குற்றம் என்பீர்கள்... பொறுங்கள்.

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி செய்யும் ஆலையொன்றில் நான் அலுவலக மேலாளர். அன்று வெள்ளிக்கிழமை. நெல்லூருக்குக் கிளம்பிய முதலாளி, ஒரு பெரிய ஒப்பந்தத்தில் கம்பெனி சார்பாகக் கையெழுத்திட எனக்கு அதிகாரக் கடிதம் கொடுத்திருந்தார். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது ஒன்றே கட்டளை.

வந்த தாளைப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. கம்பெனியின் பெயரே இல்லை! அப்படியே போட்டால் பொறுப்பு முழுக்க என் தலையில் அல்லவா விழும்? கம்பெனிக்காகக் கையெழுத்திடுகிறேன் என்று திருத்தி அடிக்கச் செய்தேன். பக்கம் பக்கமாகப் படித்தேன், முத்திரை வைத்தேன், கடிதத்தின் நகலை இணைத்தேன். எல்லாம் முறைப்படி... கடிகாரத்தில் பத்து ஐம்பது!

எளாவூர் லாரி நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்த முதலாளி போன் செய்தார்.

"இன்னாம்மா, பத்தரைக்குள்ள போட்டுட்டியா?"

"பத்து இருபதுக்கே போட்டாச்சு சார்."

திட்டுக்குப் பயந்து சொன்னதுதான். அந்த ஒப்பந்தத்தால் ஆலை இரண்டு மடங்காக வளர்ந்தது. எனக்குப் பதவி உயர்வு, திருவள்ளூரில் சொந்த வீடு. சந்தோஷமாகத்தான் இருக்கிறேன், மறைப்பானேன்!

மறு ஆண்டு, விற்பனைப் பிரிவு பாஸ்கர் வேறோர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அவரும் முறைப்படிதான் போட்டார். வாங்குபவரின் தொழில் படுத்துவிட, அது முறிந்தது. எத்தனை மணிக்குப் போட்டாய் என்றார் முதலாளி. செவ்வாய்க்கிழமை, மூன்றே கால்... பாஸ்கர் மறைக்கவில்லை.

"ராவு காலத்துல போட்டா வேற இன்னா ஆவும்? இந்தம்மாவப் பாரு, நேரம் பாத்து போட்டுச்சு!"

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஒரே ஒரு வாக்கியம் போதும்... ஏன் வாய் திறக்கவில்லை? பயமா? இல்லை. அந்தப் பாராட்டு எனக்கு இனித்தது! பாஸ்கரை வாசலில் லாரி எடைபோடும் இடத்துக்கு மாற்றினார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறார்.

சென்ற வாரம் மகளின் கல்யாணப் பத்திரிகையோடும் மஞ்சள் கிண்ணத்தோடும் என் அறைக்கு வந்தார்.

"திருப்பாச்சூர் கோயில்ல சாமிக்கு வெக்கிற மொத பத்திரிகை மேடம். நீங்க மஞ்சா தடவிக் குடுங்க. உங்க கை ராசியான கை."

நான்கு மூலையிலும் தடவினேன்... அப்போதும் சொல்லவில்லை.

அவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்!