முள் சிவப்பைத் தொடாமல்

வீதியில் இறங்குவதற்கு முன் விமலநாதன் சட்டைப்பைகளைக் காலிசெய்கிறார். வீட்டுச் சாவியும் அலுமாரிச் சாவியும் வாசல் கதிரையில் விழுகின்றன. சில்லறை, கைக்குட்டை, பேனா, மூக்குக்கண்ணாடிக் கூடு எல்லாம் அதே கதிரைக்குத்தான். கடைசியில் மூன்று பொருட்கள் மிஞ்சும்: அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, வேலையிடத்தில் சிங்களத்தில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்த கடிதம். அவற்றை உள்ளங்கையில் வைத்து ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பையில் வைக்கிறார்.

"இது எழுவது கிராம். இதைக் குறைக்க ஏலாது" என்று ஒருநாள் எனக்குச் சொன்னார்.

குண்டசாலையில் அவர் என் பக்கத்து வீட்டுக்காரர். வயது ஐம்பத்துநான்கு. யாழ்ப்பாணத்துக் கைதடியில் பிறந்தவர், கண்டிக்கு வந்து இருபத்தாறு வருடமாகிறது. வந்த மறுவருடமே எண்பத்துமூன்று கலவரம். அதைப்பற்றிக் கேட்டால், "அப்ப என்னட்டை ஒரு ரலி சைக்கிள் இருந்தது. எரிச்சுப்போட்டாங்கள். நல்ல சைக்கிள்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

கண்டி நகரத்தில் ஒரு சிறிய இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. மடவளை, வத்தேகமை, கட்டுகஸ்தோட்டை என்று காலையில் சுற்றுவார். அங்குள்ள டிஸ்பென்சரிகளில் எடுத்து வைத்திருக்கும் இரத்த ரியூப்களை ஐஸ் பெட்டியில் அடுக்கி, ஒன்பதரைக்கு முன் கண்டியில் சேர்க்க வேண்டும். மொத்தம் இருபத்தேழு கிலோமீட்டர். பிந்தினால் இரத்தம் கெட்டுவிடும். இயந்திரம் ஏதோ ஒரு எண்ணைக் காட்டும், ஆனால் அது நோயாளியின் எண்ணாக இருக்காது.

இந்த 2008இன் தொடக்கத்தில் பெற்றோல் விலை ஏறியபோது நிலையத்து டொக்டர் பழைய மோட்டார் சைக்கிளை விற்று, சீனாவிலிருந்து வந்த மின்சார சைக்கிள் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். ஒருமுறை சார்ஜ் பண்ணினால் ஐம்பது கிலோமீட்டர் ஓடும் என்று அதனுடன் வந்த புத்தகத்தில் இருந்தது. "அந்தப் புத்தகம் எழுதினவன் கண்டிக்கு வரேல்லை" என்பது விமலநாதனின் கருத்து. இங்கே இருபத்திரண்டில் பற்றரி மானியின் முள் சிவப்பில் விழுந்து வண்டி நின்றது. மீதி ஐந்து கிலோமீட்டருக்கு அவர் அதைத் தள்ளினார். மெதுவாக ஓடிப் பார்த்தார். தூரம் வந்தது, பத்தேகாலும் வந்தது.

எனவே அவர் வீட்டிலேயே இரண்டாவது பற்றரித் தொகுதி ஒன்றைச் செய்தார். நான்கு சிறிய பற்றரிகள், ஒரு சதுர பிஸ்கட் டின், சிவப்பு வயர் ஒன்று, கறுப்பு வயர் ஒன்று. டின்னை ஆசனத்துக்குக் கீழே கட்டினார். மூன்று நாட்கள் இருபத்தேழு கிலோமீட்டரும் முழு வேகத்தில் ஓடியது. அந்த மூன்று நாட்களும் அவர் இரவுச் சாப்பாட்டின்போது சிரித்தார் என்று அவர் மனைவி கமலாசனி சொல்கிறார். அது அந்த வீட்டில் அடிக்கடி நடப்பதல்ல.

நான்காம் நாள் கட்டுகஸ்தோட்டைக்கு இப்பால் உள்ள சோதனைச் சாவடியில் ஒரு புதிய சிப்பாய் குனிந்து பார்த்தார். டின், சிவப்பு வயர், கறுப்பு வயர். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், பிறந்த இடம் யாழ்ப்பாணம். வீதியை இரு பக்கமும் மூடினார்கள். பஸ்ஸில் இருந்தவர்களை இறக்கிப் படுக்கச் சொன்னார்கள். விமலநாதனைத் தார் வீதியில் முழங்காலில் இருத்தினார்கள். ஐஸ் பெட்டியைத் திறந்த சிப்பாய் உள்ளே பதினொரு ரியூப் இரத்தத்தைக் கண்டு இன்னும் நாலடி பின்னால் போனார்.

குண்டைச் செயலிழக்கச் செய்பவர்கள் வர இரண்டரை மணித்தியாலம். டின்னுக்குள் பற்றரி என்று தெரிந்துகொண்டார்கள். ஆனாலும் பற்றரி எதற்கு என்ற கேள்வி இருந்தது. அதை விசாரிக்க அன்றிரவும் மறுநாளும் பொலிஸில் வைத்திருந்தார்கள். டொக்டர் நேரில் வந்து கையெழுத்து வைத்தபிறகு விட்டார்கள். டின்னைத் தரவில்லை.

"பிடிச்சது சரி. நானெண்டாலும் பிடிச்சிருப்பன்" என்றார் என்னிடம். "பதினொரு ரியூப்பையும் வெயிலிலை வச்சிட்டாங்கள்."

அதில் ஒன்று மடவளையில் ஜவாஹிர் என்ற புடவைக் கடைக்காரரின் ஆறு வயது மகளுடையது. நான்கு நாள் காய்ச்சல். டெங்குவா என்று பார்க்க எடுத்தது. ரியூப் கண்டிக்குப் போய்ச் சேரவில்லை என்பது டிஸ்பென்சரித் தாதி ஜெஸீமாவுக்கு மத்தியானம்தான் தெரிந்தது. திரும்ப எடுத்து ஓட்டோவில் அனுப்பினார். அந்தியில் இரத்தத்தட்டு எண் வந்தது, மிகவும் குறைவு. பிள்ளையை அப்படியே கண்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஐந்து நாள் கிடந்து பிழைத்தது.

விடுதலையாகி ஒரு வாரம் கழித்து விமலநாதன் அந்த வீட்டுக்குப் போனார். ஜவாஹிர் தேத்தண்ணி கொண்டுவரச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து, "ஒங்கள்ல என்ன பிழை ஈக்கி அண்ணன்? அல்லாஹ் காப்பாத்தினான்" என்றார். பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தது. விமலநாதன் கோப்பையைக் கையில் வைத்திருந்தார். ஆறும்வரை வைத்திருந்துவிட்டு அப்படியே கீழே வைத்தார். திரும்பும் வழியில் டிஸ்பென்சரியில் ஜெஸீமாவிடம் கேட்டது ஒன்றுதான்: "கொஞ்சம் முந்தி எடுத்து வைக்கலாமே பிள்ளை? ஆறே முக்காலுக்கு நான் வந்திடுவன்."

பிறகு அவர் வயர் எதையும் தொடவில்லை. மற்ற எல்லாவற்றையும் தொட்டார்.

பின்பக்க பிரேக் சற்று உரசுவதைக் காதை வைத்துக் கேட்டுக் கண்டுபிடித்தார். அதில் இரண்டு கிலோமீட்டர் இருந்தது. ரயர்களுக்குத் தினமும் காற்றடித்தார்; அதில் ஒன்று. பற்றரி நிரம்பியிருக்கும்போதே வத்தேகமை ஏற்றத்தை முடிக்கும்படி பாதையைத் திருப்பிப் போட்டார், அதில் ஒன்று. காற்றுத் தடையைக் குறைக்க ஹாண்டிலில் நெஞ்சைப் பதித்துக் குனிந்து ஓடினார். குண்டசாலைச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் சிரித்தார்கள். அவர் அதைக் காணவில்லை. அவர் பார்வை தரையோடு இருந்தது. பிட்டைக் குறைத்து தானும் நான்கு கிலோ இளைத்தார்.

"கலியாணத்துக்குப் போட்ட சேர்ட் இப்ப கொள்ளுது" என்று கமலாசனி என் மனைவியிடம் சொன்னார். அதில் சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை.

இருபத்தாறு வந்தது. ஒரு கிலோமீட்டர் குறைந்தது. அது எங்கே போகிறது என்பதை அவர் இரண்டு வாரம் யோசித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டுபிடித்தார். அந்தச் சோதனைச் சாவடிதான் தின்றது. வீதி அங்கே இறங்கி உடனே ஏறுகிறது. நிறுத்தாமல் போனால் இறங்கிய வேகமே பாதி ஏற்றத்துக்குக் கொண்டுபோகும். பள்ளத்தில் நிறுத்தினால் முழு ஏற்றத்தையும் பற்றரி சுமக்க வேண்டும். நிறுத்தும் பலகையை மேட்டில் வைத்தால் எல்லாம் சரி.

"ஆமியிட்டைப் போய்ப் பலகையைத் தள்ளி வையுங்கோ எண்டு கேக்கப் போறியளே?" கமலாசனியின் குரல் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. "உங்களுக்கென்ன விசரே? போன முறை வந்தது காணாதே?"

"இது கணக்கு" என்றார் விமலநாதன்.

"இஞ்சருங்கோ, அவங்களுக்குக் கணக்குச் சொல்லப்போய் உங்களைக் காணாமப் போகப் பண்ணிப்போட்டாங்களெண்டா நான் ஆரிட்டைக் கேக்கிறது?"

அந்த வாரம் முழுவதும் கடைசி ஒரு கிலோமீட்டரைத் தள்ளிக்கொண்டே போனார். வெள்ளிக்கிழமை ஒன்பது நாற்பதுக்குச் சேர்ந்தார். இரண்டு ரியூப் வீசப்பட்டன.

திங்கட்கிழமை சாவடியில் இறங்கி, பெட்டியைத் திறந்து காட்டி, மூடி, நின்றார். போகச் சொன்னபிறகும் நின்றார். சார்ஜன்ட் வந்தார். விமலநாதன் இரண்டு கையையும் தெரியும்படி வைத்துக்கொண்டு, நல்ல சிங்களத்தில், இறக்கம், ஏற்றம், பற்றரி, இரத்தம் என்ற ஒழுங்கில் விளக்கினார். வார்த்தைகளை ஞாயிறு முழுவதும் பாடமாக்கியிருந்தார். 

சார்ஜன்ட் வீதியை மேலும் கீழும் பார்த்தார். பெட்டியை மறுபடி திறக்கச் சொன்னார். ரியூப்களில் ஒட்டியிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். தமிழில் இருந்தவற்றை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"பலகை மேலிடத்து உத்தரவு மாத்தயா. ஓர் அடி நகர்த்த எனக்கு அதிகாரம் இல்லை."

விமலநாதன் தலையாட்டினார்.

"சைக்கிளைத் தள்ளக் கூடாதென்று உத்தரவு ஒன்றும் இல்லை" என்றார் சார்ஜன்ட். இல்லை என்று தனக்குத்தானே உறுதிசெய்துகொண்டார். பிறகு ஒரு சிப்பாயைக் கூப்பிட்டார்.

சென்ற வியாழக்கிழமை நான் அதே வீதியில் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். எங்களை இறக்கி வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். முன்னால் விமலநாதனின் சோதனை முடிந்தது. சிப்பாய் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு அவருடைய முதுகில் கை வைத்தார்.

"முதுகில் வேண்டாம் தம்பி, கரியரில்" என்று விமலநாதன் சிங்களத்தில் திருத்தினார்.

சிப்பாய் கரியரை இரண்டு கையாலும் பிடித்து, சப்பாத்து தாரில் அடிக்க, ஏற்றத்தில் ஓடினார். விமலநாதன் ஹாண்டிலில் நெஞ்சைப் பதித்துக் கிடந்தார். பாதி மேட்டில், திரும்பிப் பார்க்காமலே, போதும் என்று ஒரு விரலை உயர்த்தினார்.