பாலின் சூடு இருபத்தேழு

எண்பதுகளின் தொடக்கத்தில், ஆவடிக் குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையின் பன்னிரண்டு வீடுகளும் பாக்கெட் பாலை நிறுத்திவிட்டுப் பாத்திரப் பாலுக்கு மாறின. காரணம் சாக்கடை.

அதற்கு முன்பு, பாட்டிலில் வந்த பால் கவரில் வரத் தொடங்கியபோது எல்லோருக்கும் சந்தோஷம்தான். பாட்டில் கைதவறினால் உடையும், கவர் உடையாது. மக்கவும் மக்காது என்பதை யாரும் யோசிக்கவில்லை. அம்மா கவரின் மூலையை மட்டும் வெட்டிப் பாலை ஊற்றிக்கொண்டு, கவரைக் கழுவிச் சமையலறைச் சுவரில் ஒட்டிக் காயவைத்து, சேர்த்துச் சேர்த்துக் கூடை பின்னுவாள். ஒரு வீட்டுக்கு எத்தனை கூடைதான் வேண்டும்? மற்ற வீட்டுக் கவர்களோடு எங்களுடையவையும் பின்பக்கக் கால்வாய்க்குப் போயின. அந்த ஐப்பசி மழையில் கால்வாய் எதிர்த்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தது. அப்பா உரிய வழியில் புகார் எழுதினார். அடைத்திருப்பவை குடியிருப்போர் வீசிய பால் கவர்கள் என்பதால் மேல் நடவடிக்கைக்கு இடமில்லை என்று பதில் வந்தது. பதிலில் குறை எதுவும் இல்லை என்று அப்பாவே ஒப்புக்கொண்டார்.

பருத்திப்பட்டு ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பால்காரம்மா தலையில் கேனுடன் வர ஆரம்பித்தாள். விடிந்தும் விடியாமலும் பெண்கள் பாத்திரத்தை நீட்ட, அளந்து ஊற்றுவாள். எங்களிடம் ஃபிரிட்ஜ் கிடையாது. அம்மா பாலை இரண்டு முறை காய்ச்சி, தண்ணீர் நிரப்பிய தாம்பாளத்தின் நடுவே வைத்து, மேலே ஈரத்துணி போட்டு ராத்திரி வரை காப்பாற்றுவாள். ஒரு மாதத்தில் கால்வாய் ஓடியது. பால்காரம்மா ஒரு நாள் கேனை இறக்கி வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னாள்: "உங்க பன்னெண்டு ஊட்ட நம்பி இன்னொரு மாடு புடிச்சிகினு வந்துட்டேம்மா. பாத்துக்கோ."

அப்பா தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் இருந்தார். பரிசோதிக்காமல் ஒரு பொருள் வீட்டுக்குள் வருவது அவருக்கு உறுத்தியது. பாரிமுனையிலிருந்து ஒரு பால்மானி வாங்கி வந்தார். குமிழும் குச்சியுமாகக் கண்ணாடியில் செய்த சாமான். குச்சியில் சிவப்பாக ஒரு கோடு இழுத்தார். பாலில் மிதக்கவிட்டால் கோடு வெளியே தெரிய வேண்டும். தெரிந்தால் நல்ல பால். மூழ்கினால் தண்ணீர் கலந்த பால். அதற்கு முன், பாலை ஒரு டம்ளரில் எடுத்துப் பச்சைத்தண்ணீரில் நிறுத்தி, சூடு தணிந்து நுரை அடங்கும்வரை காத்திருந்து, தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்து எழுத வேண்டும். தேதி, சூடு, கோடு என்று மூன்று பத்திகளுடன் நோட்டும் தயாரானது. லீவில் இருந்த ஒரு வாரம் அவரே செய்தார். கோடு தினமும் தெரிந்தது. அப்புறம் காலை ஷிப்ட் வந்தது. பதினொரு வயதில் கையெழுத்து அழகாக இருந்த ஒரே தகுதியில் பொறுப்பு என்னிடம் வந்தது.

பால் ஆற அரை மணிக்கு மேல் ஆகும். அதுவரை காய்ச்சக் கூடாது என்பது உத்தரவு. அம்மா அடுப்படியில் நின்று, "காபி ஆறிப் போனாலும் போகலாம், பால் ஆறுனாத்தான் இந்த வீட்ல அடுப்பே எரியும் போல" என்பாள். எனக்கோ பள்ளி. முதல் நாளே ஆறவைப்பதை விட்டேன். தெர்மாமீட்டர் பீரோவுக்கு மேல் இருந்தது, எட்டவில்லை. அப்பா கடைசியாக எழுதியிருந்த இருபத்தேழையே எழுதினேன். மறுநாளும் அதையே.

கோடு மூழ்கியது. ஒரே ஒரு நாள், மழையில் அவள் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தபோது மட்டும் தெரிந்தது. தாமதமானதற்குப் பயந்து அன்று ஒழுங்காக நடந்துகொண்டாள் என்று நினைத்தேன்.

பிற்காலத்தில் தணிக்கைத் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் பதிவேடுகளைப் பார்த்தே ஓய்வுபெற்றேன். ஒரே எண் மேலிருந்து கீழ்வரை நிற்கும் பத்தியைக் கண்டால் அங்கே யாரும் எதையும் அளக்கவில்லை என்று தெரிந்துவிடும். சூடான பால் இளகியிருக்கும், பால்மானி அதில் இன்னும் ஆழமாக இறங்கும் என்பதும் தெரியும். அவள் வேகமாக வரவர, என் நோட்டில் மோசமானவள் ஆனாள்.

மாதக் கடைசியில் அப்பா நோட்டைப் புரட்டினார், கோட்டுப் பத்தியை மட்டும். வரிசை முழுவதற்கும் சொன்னார். பரிசோதனைப் பிரிவுக்காரர் சொன்ன பிறகு அப்பீல் ஏது? எதிர்வீட்டு அத்தை அன்றே, "தண்ணிக்குத்தான் குழாய் இருக்கே, இவகிட்ட எதுக்கு வாங்கணும்?" என்றாள். பன்னிரண்டு வீடுகளும் பாக்கெட்டுக்குத் திரும்ப முடிவெடுத்தன.

ஞாயிறன்று பால்காரம்மா எங்கள் வாசலில் வந்து நின்றாள். "இன்னா சார், தண்ணி ஊத்துறேன்னு சொல்லிகிறியாமே?"

"நான் சொல்லலம்மா. கருவி சொல்லுது."

"அந்தக் கண்ணாடிக் குச்சியா? கறந்த சூடு ஆறதுக்குள்ள ஓடியாறேன் சார். கேனைத் தொட்டுப் பாரு, இன்னும் வெதுவெதுன்னு கீது. வழியில நின்னு தண்ணி ஊத்த எனக்கு நேரம் எங்க கீது?"

அப்பா கேனைத் தொட்டார். உள்ளே போய் நோட்டைத் திறந்தார். இந்த முறை விரல் நடுப்பத்தியில் மெதுவாகக் கீழே இறங்கியது. பீரோ மேலிருந்து தெர்மாமீட்டர் பெட்டியை எடுத்தார். தூசியை ஊதிவிட்டு அங்கேயே வைத்தார். கதவோரம் நின்ற என்னை ஒரு தரம் பார்த்தார்.

திரும்பிப் போய், "இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம்மா" என்றார்.

"சரி சார். நீங்க படிச்சவங்க" என்று கேனைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள்.

தவறான முடிவைத் திருத்த அவர் அலுவலகத்தில் ஒரு படிவம் இருந்தது. தவறு எவரால் நேர்ந்தது என்று அதில் பெயரோடு எழுத வேண்டும்.

அடுத்த ஞாயிறிலிருந்து அப்பா தூக்குவாளியை ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏரியைச் சுற்றிப் பால்காரம்மாவின் தொழுவத்துக்கே போய்ப் பால் வாங்கிவந்தார். மற்ற நாட்களில் பாக்கெட். வாங்கிவந்த பாலில் அவர் பால்மானியை விடவில்லை, என்னையும் விடச் சொல்லவில்லை. சைக்கிள் மிதிப்பது உடம்புக்கு நல்லது என்று போகிறார் என்றே நினைத்தேன்.

ஒரு தடவை வாளியைக் கொடுத்துக்கொண்டே அம்மாவிடம், "தொழுவத்துல ஒரு மாடுதான் நிக்குது. புதுசா வாங்குனதை வித்துட்டாங்களாம்" என்றார்.

அம்மா வாளியை வாங்கி அடுப்படியில் வைத்தாள். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது போலிருந்தது.

"அதுதான் தண்ணிப் பால் கறந்த மாடாப்பா?" என்று கேட்டேன்.