மூன்று கண்ணாடி ஓடுகள்

நான் செய்த தவறுகளில் இதை மட்டும் வேறு யார் தலையிலும் கட்ட முடியவில்லை. எவ்வளவோ முயன்று பார்த்துவிட்டேன்.

எண்பதுகளின் நடுவில் தாம்பரம் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். என் வகுப்புக்குக் கிடைத்தது ஓட்டுக்கூரை போட்ட கடைசி அறை. ஒன்பதாவதும் அங்கேதான், அடுத்த வருஷம் பத்தாவதும் அங்கேதான். ஜன்னலை ஒட்டிப் பக்கத்து மனைக்காரர் சுவர் எழுப்பிவிட்டார். மின்சாரம் கிடையாது. கூரையில் பதித்த மூன்று கண்ணாடி ஓடுகள் வழியாக விழுந்ததுதான் வெளிச்சம்.

பார்வை மங்கிய ஒரு பெண் அதற்கடியில் உட்காருவாள். வெளிச்சம் நகர நகர அவளும் நகர்வாள். மற்றப் பிள்ளைகள் கேட்காமலே இடம் விடுவார்கள். கணக்கில் என்னையே திருத்துவாள், கழுதை.

அவள் அப்பா இரும்புலியூரில் நிலத்தை விற்றுவிட்டு செங்கல், மணல் வியாபாரம் பார்த்தார். ஏப்ரலில் வந்தார். "கண்ணு தெரியாத பொண்ணு பத்தாவது எழுதி இன்னா ஆவப்போவுது டீச்சர்? நிறுத்திடறேன்."

"லீவுல ரிப்பேர் வேலை நடக்குது, ரூமுக்கு டியூப் லைட் வருது. என்னை நம்பி ஒரு வருஷம் அனுப்புங்க" என்றேன். அரைமனதாகத் தலையாட்டினார்.

மே மாதம் தலைமையாசிரியர் சொந்த ஊருக்குப் போய்விட்டார். பக்கத்தில் குரோம்பேட்டையில் குடியிருந்த நான்தான் மேற்பார்வை. ஓடுகளை இறக்கி ஆஸ்பெஸ்டாஸ் போட்டார்கள். மேஸ்திரி கேட்டார்: "நடுவுல ஒரு கண்ணாடி ஷீட் போட்டுக்கலாமா டீச்சர்? கொஞ்சம் வெயில் எறங்கும், அவ்ளோதான்."

"அதான் லைட் வருதே, வெயில் எதுக்கு?" என்றேன். புத்தி அப்படிப் போயிற்று.

நான்கு டியூப் லைட், இரண்டு ஃபேன் மாட்டினார்கள். காண்ட்ராக்டர் ஆள், வேலை திருப்தியாக முடிந்தது என்று எழுதிய தாளை நீட்டினான். கரண்ட் லைன் இரண்டு நாளில் வந்துவிடும் என்றான். பள்ளி திறக்கும் முன்பே அப்படிக் கையெழுத்துப் போடுவது எல்லாப் பள்ளியிலும் வழக்கம். நானும் போட்டேன்.

ஜூனில் சுவிட்சைத் தட்டினேன். ஒன்றும் எரியவில்லை. ஆபீஸ் அறை மீட்டர் தாங்காது, தனி இணைப்பு வேண்டும் என்றார்கள் மின்வாரியத்தில். கல்வி அலுவலகத்துக்கு மனு எழுதினோம். வேலை முடிந்துவிட்டதாகப் பதில் வந்தது, கூடவே என் கையெழுத்தின் நகல். மரத்தடிக்கு வகுப்பை மாற்றலாமா என்று கேட்டால், புது அறையை வைத்துக்கொண்டு மரத்தடியா என்று தலைமையாசிரியர் மறுத்துவிட்டார்.

அவள் வாசற்படியோரம் உட்கார்ந்தாள். போர்டு இருந்தது அறையின் மறுகோடியில். இரண்டு வாரம் பக்கத்துப் பெண்ணின் நோட்டைக் கண்ணருகே வைத்துப் பார்த்து எழுதினாள். பிறகு அப்பா வந்தார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அண்ணாந்து கூரையைப் பார்த்தார், பையைத் தானே தூக்கிக்கொண்டு அவளைக் கூட்டிப் போனார்.

பொங்கல் கழித்து இணைப்பு வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு அந்த வெளிச்சத்தில் நிற்கவே பிடிக்கவில்லை.

அந்தக் கோடையில் தாம்பரம் மார்க்கெட்டில் என் குரலை வைத்துக் கண்டுபிடித்துக் கிட்டே வந்தாள், கையில் காய்கறிப் பை.

"ரூமுக்கு லைட் வந்துடுச்சா டீச்சர்?"

"இல்லம்மா" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. "அப்ப நான் ஸ்கூல்ல இருந்து நின்னதுல ஒண்ணும் தப்பில்ல" என்றாள்.