உப்பு வரப்புக்கு அடியில் ஒரு தீவுக் கோட்டை

மரக்காணம் உப்பங்கழிக்குள் ஒரு தீவும், அதில் படகுத்துறையைக் காக்க ஒரு சிறு கோட்டையும் இருந்தன என்று போன வருடம் இந்த வலைப்பதிவில் எழுதினேன். ஆதாரம், பழைய வரைபடத்தில் கழிக்கு நடுவே பார்த்த ஒரு சதுரம். குடும்ப வாட்ஸப் குழுவில் என் மானம் கப்பலேறியது. துபாயிலிருந்து லீவில் வந்த ரஃபீக் மச்சான், "ஒரு செங்கல்லாவது காட்டு. இல்லேன்னா பதிவ தூக்கிடு" என்றார். வீம்பாகச் சம்மதித்தேன்.

ஜனவரி கடைசி ஞாயிறு, காலை ஆறரைக்குக் கோட்டக்குப்பத்திலிருந்து மச்சானோடு பைக். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முப்பது கிலோமீட்டர் சொச்சம். மரக்காணத்தில் இட்லியை முடித்துக்கொண்டு உப்பளத்துக்குள் நடந்தோம்.

தீவு இருக்க வேண்டிய இடத்தில் உப்புப் பாத்திகள்தான் இருந்தன. கழி தூர்ந்து தீவே கரையோடு சேர்ந்திருக்க வேண்டும். மழையில் கரைந்த வரப்புகளுக்குப் புதுக் களிமண் போட்டு மிதித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருவரான தேவி அக்காவிடம் விசாரித்தேன்.

"கோட்டையா? இங்க அப்டி எதுவும் இல்லீங்களே."

"டெலீட் பண்ண இங்க டவர் கிடைக்குதா பாருடா" என்றார் மச்சான்.

எனக்கு எரிச்சல். ஆனால் ஒன்று உறுத்தியது. எல்லா வரப்பையும் மிதித்தவர்கள் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். ஏன் என்று கேட்டேன்.

"அத்த மிதிக்கத் தேவயில்லீங்க. எந்த மழைக்கும் கரையாது."

அனுமதி கேட்டு, வரப்பின் ஓரத்தைக் கையால் சுரண்டினேன். சேறு, கிளிஞ்சல், பிறகு சுண்ணாம்புச் சாந்தில் பதிந்த செங்கல் வரிசை! வரப்பைப் பிடித்தபடியே நடந்தேன். அது நேராகப் போய்த் திரும்பியது. மறுபடி திரும்பியது. நான்கு மூலையும் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தபோது, "அல்லாஹு அக்பர்!" என்று கத்திவிட்டேன். வரைபடத்துச் சதுரம் என் காலடியில் கிடந்தது. அக்காவும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து பார்த்தார். "இத்தினி வருஷமா கோட்ட மேலயா நடந்துட்டு இருந்தேன்!" என்று சிரித்தார்.

போக நினைப்பவர்கள் ஜனவரியில், வரப்பு போடும் சமயத்தில் போங்கள். வெயிலுக்கு முன் திரும்பிவிடுங்கள், தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். வேலை செய்பவர்களிடம் கேட்காமல் பாத்திக்குள் இறங்காதீர்கள். செங்கல்லைப் பெயர்க்கவே பெயர்க்காதீர்கள்.

மச்சான் எங்கே என்று திரும்பிப் பார்த்தால், வரப்பின் மேல் நின்று குடும்பக் குழுவுக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறார்: "எல்லாரும் பாருங்க, இதான் மதில். நான் அப்பவே சொன்னேன்ல?"