முதுகுப் பையோடு வெள்ளிமலைக்கு

போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஒரு பெண் முதுகில் பையை மாட்டிக்கொண்டு, தென் அமெரிக்காவில் லிமா என்ற நகரத்தை ஒரே நாளில் தன்னந்தனியாகச் சுற்றுகிறாள். சர்ச் பார்க்கிறாள், சந்தையில் எதையோ வாங்கித் தின்கிறாள், கடலைப் பார்த்தபடி ஒரு சுவரில் உட்கார்ந்திருக்கிறாள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பிடித்தது. லிமாவுக்கு நான் எங்கே போக? கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினால் மலை உச்சியில் வெள்ளிமலை ஊர். கல்யாணமாகி இத்தனை வருஷமாக அந்த மலையைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

முந்தின நாள் சாப்பாடு போடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். டிவியைப் பார்த்தபடி "ம்" என்றார். காலையில் அவர் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனதும், மகளின் பழைய காலேஜ் பையில் புளிச்சோறும் துண்டும் மாற்றுப் புடவையும் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் எங்கள் அம்மா வீட்டுத் தெருக்காரி. எங்கே என்று கேட்டாள். அருவி பார்க்க என்றேன். யாரோடு என்றாள். தனியாகத்தான் என்றேன். என் மடியிலிருந்த பையை அழுத்திப் பார்த்தாள். புடவை தட்டுப்பட்டிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி, "அடிச்சாரா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையை மறைக்கத்தான் சிரிக்கிறேன் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். எங்கள் பக்கத்தில் ஒரு பொம்பளை பையோடு தனியாகப் பஸ் ஏறினால் ஒன்று அம்மா வீடு, இல்லையென்றால் ஆஸ்பத்திரி. இரண்டும் இல்லையென்றால் கோபித்துக்கொண்டு கிளம்பியவள். கச்சிராயபாளையத்தில் இறங்கியதும் அவள் தியாகதுருகத்திலிருக்கும் என் அண்ணனுக்குப் போன் போட்டிருக்கிறாள். அண்ணன் என் வீட்டுக்காரருக்குப் போட்டிருக்கிறார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

மலை ஏறியதும் சிக்னல் போய்விட்டதால் எனக்கு இதெல்லாம் தெரியாது. வெள்ளிமலைக்கு முன்னாலேயே, வழியிலிருக்கும் பெரியார் அருவியில் இறங்கினேன். கூட்டமில்லை. தலையில் தண்ணீர் விழுந்ததும் வாய்விட்டுக் கத்தினேன், அவ்வளவு சந்தோஷம். புடவை மாற்றிக்கொண்டு, பாறையில் உட்கார்ந்து சோற்றைப் பிரித்தால், எதிரில் என் வீட்டுக்காரர். மடித்துக் கட்டிய லுங்கி, முழங்கால்வரை வயல் சேறு. அத்தனை வளைவிலும் வண்டியை எப்படித்தான் ஓட்டி வந்தாரோ.

"நான் இன்னா கொற வச்சேன்?" என்றார்.

அருவி பார்க்க வந்ததைச் சொன்னேன். முந்தின நாளே சொல்லியிருந்ததையும் சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. பாதிச் சோற்றை எடுத்துக் கொடுத்தேன், தின்றார். கேட்டிருந்தால் தானே கூட்டி வந்திருப்பேனே என்றார். அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறேன். அறுப்பு முடியட்டும் என்றார். எத்தனையோ அறுப்பு முடிந்தது. கூட்டாளிகளோடு அவர் மட்டும் வந்து குளித்துவிட்டுப் போவார்.

வண்டியில் ஏறச் சொன்னார். வெள்ளிமலையை இன்னும் பார்க்கவில்லை, பார்த்துவிட்டு பஸ்ஸில் வருகிறேன், நீங்கள் போங்கள் என்றேன். சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. மேலே போகிற பஸ் வரும்வரை ரோட்டோரம் என் பக்கத்திலேயே நின்றார். நான் படியில் கால் வைக்கும்போது மெல்லக் கேட்டார்.

"வூட்டுக்கு வந்துடுவ இல்ல?"

வந்துவிடுவேன் என்றேன். சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அவர் அப்படிக் கேட்கும்வரை, வராமலும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.