அக்கரைக்குப் போன மண்

இலங்கை மலையகத்தில், டிக்கோயா தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசைகளில் எங்கள் லயம்தான் கடைசி. அதற்குக் கீழே ஓர் ஓடை. ஓடையைத் தாண்டினால் டவுன் தொடங்கிவிடும். சந்தையில் கழித்துப் போட்ட கோவா என்கிற முட்டைக்கோஸ் இலையும் அழுகிய தக்காளியும் மிதந்து வந்து எங்கள் கரையில் ஒதுங்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. நான் அவற்றை அள்ளிப் பாத்தியில் புதைத்துவிடுவேன். அந்தப் பாத்தியில் லீக்ஸ் வளர்ந்ததைப் பார்த்த பிறகு மூக்கைப் பிடித்தவர்களே வந்து கேட்டு வாங்கிப் போனார்கள்.

எழுபதுகளில் பாண் ரொட்டிக்கு விடிகாலையிலேயே வரிசை நிற்க வேண்டும். அரிசி கிடைப்பதே பெரும்பாடு. என் இரண்டு பிள்ளைகளின் வயிறு மூன்று பாத்தி உருளைக்கிழங்கை நம்பியிருந்தது. கரையோரத்தில் நாலாவதாக ஒன்று போட்டால் என்ன என்று ஆசை வந்தது. அங்கே மானாப்புல் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது.

என் குணத்தைச் சொல்லிவிட வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே தேயிலை மலையில் புல் சுரண்டியவள் நான். தேயிலைக்கு அடியில் ஒரு புல் கண்ணில் பட்டாலும் கங்காணி பேர் போடமாட்டார். அன்றைய கூலி போச்சு. அதனால் சுரண்டியைக் கையில் எடுத்தால், துலக்கிய பாத்திரம் போல மண் பளிச்சென்று தெரியும்வரை என் கை ஓயாது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கரை முழுவதையும் வேரோடு சுரண்டித் தள்ளினேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னா புள்ள, ஓடைக்கும் சவரம் பண்ணி விட்டுட்டியா?"

"ஒங்களுக்குப் பொறாமைங்க," என்றேன்.

அக்கரையில் ஒரு சிங்கள அக்கா போஞ்சி அவரை நட்டிருந்தார். சந்தையில் காய்கறி விற்பவர். "நங்கி, புல்ல விட்டுடுங்க, மழ வருது," என்று அங்கிருந்தே கத்தினார். நங்கி என்றால் தங்கச்சி. எனக்குச் சுரண்டச் சொல்லித்தர இவர் யார் என்று கோபம் வந்தது. மறுநாளே கிழங்கை நட்டேன்.

ஆனி மழை மூன்று நாள் விடாமல் கொட்டியது. நாலாம் நாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் ஓடிப் போய்ப் பார்த்தேன். புதுப் பாத்தியைக் காணோம். அதற்கு மேலே இருந்ததில் பாதியும் போய்விட்டது. அத்தனை மண்ணும் ஓடை வளைவில் ஏறி, அக்காவின் போஞ்சியை மூடிக் கிடந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. பிள்ளைகளுக்கு எதை அவிப்பது என்ற கவலையைவிட, அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

வேலை முடிந்ததும், திட்டு வாங்கத் தயாராகவே மரப்பாலத்தைக் கடந்தேன். அவர் மண்வெட்டியோடு நின்றிருந்தார்.

"ஒங்க மண்ணுதானே நங்கி? எடுத்துட்டுப் போங்க."

"போஞ்சி போயிருச்சே அக்கே..."

"போஞ்சி நாளைக்கும் நடலாம். மண்ண அள்ளுங்க, திரும்ப மழ வருது."

கொழுந்துக் கூடையில் மண் சுமந்தால் கங்காணி வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். அதனால் சாக்கில் அள்ளினோம். என் வீட்டுக்காரரும் லயத்தில் நாலைந்து பேரும் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒரு வாரச் சாயங்காலங்கள் அப்படியே போயின. கடைசி நாள் பாத்தி நாலும் திரும்ப எழும்பியதும், அக்கா தன் கரையிலிருந்து மானாப்புல் தூர்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து, என் கரை விளிம்பில் தன் கையாலேயே ஊன்றினார். மிஞ்சிய விதைக்கிழங்கில் பாதியை நான் அவருக்குக் கொடுத்தேன்.

புல் வளர்ந்தது. மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா ஒருநாள் அந்தப் பக்கம் வந்தார். "என்னா இது, காடாக் கெடக்கு? சுரண்டி இல்லியா?" என்றார். சத்தியமாக எனக்குக் கை துறுதுறுத்தது. முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, "இருக்குங்கையா," என்றேன். அவர் போகும்வரை கையை அவிழ்க்கவில்லை.

அடுத்த ஆனியிலும் ஓடை பொங்கியது. குடையை விரித்துக்கொண்டு ஓடினேன். புல் தண்ணீரில் சாய்ந்து கிடந்தது. பாத்தி நாலும் வைத்தது வைத்தபடி இருந்தன. அக்கரையில் அக்காவும் குடையோடு நின்று, போஞ்சி வரிசையைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, டவுனுக்கே கேட்கும்படி கத்தினார்.

"நங்கி, இந்த வருசம் மண்ணு வரல்ல!"