ஒற்றை விசில்

எழுத வந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்புத் தேறியவன். இத்தனை வருடத்தில் நான் எழுதியதெல்லாம் பஸ்ஸில் டிக்கெட் கணக்கு எழுதும் டிரிப் ஷீட்தான். அதிலும் அடித்தல் திருத்தல் இருக்கும். மூச்சுக் குழாயைப் பற்றியும் உடம்பில் உள்ள செல்லைப் பற்றியும் படித்தவர்கள் எழுத வேண்டும். ஆனால் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏன் மூச்சு திணறுகிறது என்று தெரியாமல் நான் இரண்டு வருடம் கஷ்டப்பட்டேன். என்னைப் போல் இன்னொருவர் இருந்தால் அவருக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் அரசுப் பேருந்தில் கண்டக்டராகச் சேர்ந்தேன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், சில டிரிப் கோவளம் வரை. எனக்குச் சிறு வயதிலிருந்தே கூச்சம். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் ‘உள்ளேன் ஐயா’ என்பதுகூடத் தொண்டையைத் தாண்டாது. இவன் எப்படி கண்டக்டர் வேலை பார்ப்பான் என்று வீட்டில் சிரித்தார்கள். விசில் இருக்கிறதே, அதை யாரும் யோசிக்கவில்லை. ஒரு விசில் ஊதினால் வண்டி நிற்கும். இரண்டு ஊதினால் புறப்படும். அறுபது பேர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் வண்டியை ஒரு வார்த்தை பேசாமல் நடத்திவிடலாம். எனக்கென்றே செய்த வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழு வருடமாக எனக்கு ஒரே டிரைவர், என்னைவிடப் பத்து வயது பெரியவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். வண்டி ஓட்டுவதில் கெட்டிக்காரர். ஏரிக்கரை வளைவில்கூட நிற்கிறவர்கள் கம்பியைப் பிடிக்க வேண்டியிராது. ஒரே பழக்கம், பீடி. ஸ்டியரிங்கில் ஒரு கை, ஜன்னலில் ஒரு கை, வாயில் பீடி. அவர் தலைக்கு நேர் மேலே ‘புகை பிடிக்காதீர்’ என்று மஞ்சள் பெயிண்டில் எழுதியிருக்கும். அது பயணிகளுக்கு எழுதியது என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மார்கழியில் எனக்கு இளைப்பு ஆரம்பித்தது. எல்லோரும் ஈஸ்னோபீலியா என்றார்கள். எங்கள் பக்கத்தில் யாருக்கு மூச்சு வாங்கினாலும் அதுதான் பெயர். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். முதல் தடவை மறுநாளே எழுந்து உட்கார்ந்தேன். அடுத்த தடவை ஒரு வாரம் பிடித்தது. அதற்கப்புறம் மாத்திரை கூடிக்கொண்டே போனது, மூச்சு மட்டும் சரியாகவில்லை. முகம் உப்பிவிட்டது. “மருந்து மூச்சுக்குப் போவல, கன்னத்துக்குத்தான் போயிருக்குது” என்றாள் என் மனைவி. சிரித்துக்கொண்டு சொன்னாலும் அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

இளைப்பு வந்தால் அண்ணன் பதறிப்போவார். வண்டியை ஓரங்கட்டி, ஓடிப்போய்ச் சூடாக டீ வாங்கிவந்து, என் பணப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொள்வார். அட்டையால் எனக்கு விசிறுவார். பதற்றத்தில் ஒரு பீடியையும் பற்ற வைப்பார். விசிறிய காற்றில் அந்தப் புகை முழுக்க என் முகத்துக்கே வரும்.

இப்படியே இரண்டு வருடம் போனபின் ஒருநாள் மாமல்லபுரம் தாண்டி மீன்காரம்மா ஒருவர் இறங்கினார். ஒரு கால் படியில், ஒரு கால் தரையில், கூடை இன்னும் வண்டிக்குள். யாரோ ரைட் என்று கத்த, வண்டி நகர்ந்தது. நான் விசிலை வாயில் வைத்து ஊதினேன். சத்தம் வரவில்லை. காற்றுத்தான் புஸ்ஸென்று வந்தது. கையால் தகரத்தைப் படபடவென்று அடித்தேன். வண்டி நிற்பதற்குள் அந்தம்மா தடுமாறி முட்டியைத் தேய்த்துக்கொண்டார். கூடை கவிழ்ந்து மீன் ரோட்டில் சிதறியது.

“விசில் ஊத துப்பில்லாதவன்லாம் இன்னாத்துக்குடா கண்டக்டர் வேலைக்கு வர்றீங்க?” என்று கேட்டார். நான் குனிந்து மீன் பொறுக்கினேன்.

விஷயம் டிப்போவுக்குப் போனது. அங்கே யாரும் என்னைத் திட்டவில்லை. உடம்பு சரியாகாவிட்டால் பொங்கலுக்குப் பிறகு பஸ் ஸ்டாண்டில் லைட் டியூட்டி தருகிறோம் என்று அன்பாகத்தான் சொன்னார்கள். லைட் டியூட்டி என்றால் நேரக் காப்பாளர் அறையில் மைக் பிடித்து, எந்த வண்டி எப்போது புறப்படும் என்று நாள் முழுக்க அறிவிப்பது. அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் முதலில் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். மைக் முன்னால் உட்காருவதைவிட வண்டியிலேயே விழுந்து செத்தாலும் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது. பொங்கலுக்குள் மூச்சைச் சரிசெய்வது என்று முடிவெடுத்துக்கொண்டேன்.

செங்கல்பட்டில் நுரையீரல் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். சளியையும் ரத்தத்தையும் சோதிக்கச் சொன்னார். முடிவைப் பார்த்துவிட்டு, ஒரு காகிதத்தில் குழாய் போல் வரைந்து விளக்கினார். மூச்சுக் குழாயின் உட்சுவர் முழுக்கச் செல்கள். தூசியோ புகையோ பட்டால் அவை ரசாயனங்களைக் கக்கி ஆபத்து என்று அலறும். அதைக் கேட்டு ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்கள் கூட்டமாக வரும். சுவர் வீங்கும், சளி அடைக்கும், சுற்றியுள்ள தசை இறுகும். அதுதான் இளைப்பு. உடனே ஆறுதல் தரும் ஸ்பிரே தசையைத் தளர்த்துமே தவிர வீக்கத்தைக் குறைக்காது. வீக்கத்துக்குத்தான் ஸ்டீராய்டு. ஆனால் என் சளியில் எல்லோரும் சொன்ன ஈஸ்னோபில் அணுக்கள் அதிகம் இல்லை. நியூட்ரோபில் என்ற வேறு வகைதான் நிறைய இருந்ததாம். அவை ஸ்டீராய்டுக்கு லேசில் அடங்காதவை, புகைக்குக் கூடி வருகிறவை என்றார்.

எனக்கு என் வேலையை வைத்துத்தான் புரிந்துகொள்ள வரும். தயங்கித் தயங்கிக் கேட்டேன், ஸ்டீராய்டு என்பது ஒற்றை விசில் மாதிரியா, உள்ளே இருக்கும் டிரைவருக்கு அது கேட்கவில்லையா என்று.

அவர் கொஞ்சம் யோசித்தார். “விசில் கேக்குதுங்க. ஸ்டீராய்டு செல்லுக்குள்ள போயி, நடுவுல இருக்கிற உட்கரு வரைக்கும் போய்ச் சேந்துடுது. அலறச் சொல்ற உத்தரவு அங்கதான் திறந்து கிடக்கு. அதை மூடுறதுக்கு ஒரு நொதி வேணும். அந்த நொதியப் புகை கெடுத்துடுது. டிரைவர் பிரேக்க மிதிக்கிறாரு, பிரேக் பிடிக்கல. நீங்க எவ்வளவு சத்தமா ஊதினாலும் வண்டி நிக்காது.”

மாத்திரை கூடக்கூட ஏன் பலன் கூடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் விசிலை மட்டும் பெரிதாக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பீடி, சிகரெட் உண்டா என்று கேட்டார். தொட்டதே இல்லை என்றேன். பக்கத்தில் யாராவது என்றார். டிரைவர் என்றேன், பாதிக் குரலில். மருந்தை மாற்றித் தருகிறேன், ஸ்டீராய்டை இனி ஸ்பிரேயாக இழுத்து வாய் கொப்பளியுங்கள், இளைப்புக்கு அந்தக் காலத்திலிருந்து கொடுக்கிற வேறொரு மாத்திரையும் சிறிய அளவில் சேர்க்கிறேன், அது அந்த நொதிக்குக் கொஞ்சம் உதவும் என்று சிலர் நினைக்கிறார்கள், நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் தினமும் எட்டு மணி நேரம் புகைக்குள் நின்றுகொண்டு எந்த மருந்தையும் குறை சொல்லாதீர்கள் என்றார்.

வழி தெரிந்துவிட்டது. வாய்தான் வரவில்லை.

முதலில் பின்படிக்குப் போய் நின்று பார்த்தேன். ஓடும் வண்டியில் முன்பக்கத்துப் புகை பின்னால்தான் வந்து சேரும் என்பது இத்தனை வருடம் பஸ்ஸில் இருந்தும் எனக்கு உறைக்கவில்லை. வேறு டிரைவர் கேட்டு டிப்போவில் எழுதிக் கொடுக்கலாம். காரணம் எழுத வேண்டும். அண்ணனுக்கு மெமோ வரும். என் பணப்பையைத் தோளில் சுமந்தவருக்கு அதைச் செய்ய மனம் வரவில்லை. நேரில்தான் சொல்ல வேண்டும். மாமல்லபுரம் டீக்கடையில் இரண்டு முறை ஆரம்பித்தேன். ஒரு முறை மழையைப் பற்றிப் பேசி முடித்தேன். இன்னொரு முறை, “இன்னா தம்பி, இன்னாவோ சொல்ல வந்து முழுங்குற, வூட்ல எதுனா பிரச்சனையா?” என்று அவரே கேட்டார். டீயில் சர்க்கரை கம்மி என்று சொல்லிவிட்டேன். எனக்காக அவர் டீக்காரரிடம் சண்டைக்குப் போனார்.

பொங்கல் நெருங்கியது. ஒருநாள் காலை டிரிப். வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று வண்டி நிறைய ஆட்கள். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அண்ணன் பற்ற வைத்தார். நெஞ்சுக்குள் இளைப்பின் கீச்சுச் சத்தம் தொடங்கியது. எனக்குத் தெரிந்த ஒரே பேச்சு விசில்தான். எடுத்தேன். இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து ஒற்றை விசில் ஊதினேன்.

வண்டி நின்றது. இரண்டு பக்கமும் வயல். ஸ்டாப்பும் இல்லை, இறங்க ஆளும் இல்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“இன்னா தம்பி, இங்க யாரு எறங்கறது?”

“யாரும் இல்லண்ணே. நான்தான் நிறுத்தினேன்.” கம்பியைப் பிடித்துக்கொண்டேன். “பீடியை அணைங்கண்ணே. அந்தப் புகை என் மருந்தை வேலை செய்ய விடமாட்டேங்குது. பொங்கலுக்குள்ள மூச்சு சரியாவலன்னா என்னை வண்டிய விட்டு எறக்கிடுவாங்க.”

அண்ணன் இருக்கையிலேயே முழுக்கத் திரும்பி உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது.

“ஏழு வருஷமா வாயில இன்னாத்தடா வச்சுகினு இருந்த?”

“விசிலத்தான் வச்சுகினு இருந்தாரு,” என்றது பின் இருக்கையிலிருந்து ஒரு குரல். வண்டி முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அது இருமலாகிவிட்டது. அண்ணன் சிரிக்கவில்லை. பீடியைப் பார்த்தார். தலைக்கு மேலே இருந்த மஞ்சள் எழுத்தையும் பார்த்தார். நெருப்பை ஜன்னல் கம்பியில் நசுக்கி, மிச்சத்தைக் காதில் செருகிக்கொண்டார். திரும்பி ஸ்டியரிங்கைப் பிடித்தார். வண்டி நகரவில்லை.

இரட்டை விசில் ஊத வேண்டும். ஊதினேன். முதலாவது வந்தது. இரண்டாவது பாதியில் கரைந்துபோனது.

“ஒண்ணுதான் கேட்டுச்சு,” என்றார் முன்னால் பார்த்தபடியே. “ஒண்ணுக்கு வண்டி நிக்கும். போவாது. மெதுவா மூச்ச இழுத்துகினு ஊது. நான் இங்கதான் கீறேன்.”

ஆபீஸ் அடையாள அட்டை மாட்டிய ஒருவர் நேரமாகிறது என்று முணுமுணுத்தார். அண்ணன் எஞ்சினையே அணைத்துவிட்டார். நான் உடனே ஆறுதல் தரும் ஸ்பிரேயை எடுத்து, இதுவரை மறைத்து மறைத்து இழுத்ததை எல்லோர் முன்னாலும் இழுத்தேன். ஜன்னல் வழியாக வயல் காற்று வந்தது. இளைப்பு மெல்லத் தணிந்தது. எஞ்சின் மறுபடி உறுமியது. இரண்டு விசில், முழுதாக, ஒன்றன்பின் ஒன்றாக ஊதினேன். வண்டி புறப்பட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. டியூட்டிக்குப் போனேன். அண்ணன் டிப்போ வாசலில் நின்று பீடியைக் குடித்து முடித்து, வாய் கொப்பளித்துவிட்டு வந்து ஏறினார். நானும் ஸ்டீராய்டு ஸ்பிரேயை இழுத்து, வாய் கொப்பளித்துவிட்டு ஏறினேன். லேசான இளைப்பு இருந்தது. முதல் டிரிப் நேரத்துக்குப் புறப்பட்டது.